பார்ட்டிஷனை டெலிட் பண்ணுங்க

திண்டிவனத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் பத்திர எழுத்தர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் நான்காவது கடை விருத்தாசலத்துடையது. பத்துக்குப் பத்து அறை, ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அன்புச்செல்வி. பத்திரம் எழுதுகிறவர் விருத்தாசலம் என்று வெளியே போர்டு சொல்லும். அவர் சொல்வார், அவ்வளவுதான். எழுதுவதெல்லாம் இவள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலைநிறுத்தம் செய்தது. ஒரு கிரயப் பத்திரத்தை அடித்து முடித்து சேவ் கொடுத்தால் இடமில்லை என்கிறது. பிரிண்ட் கொடுத்தால் அதற்கும் இடமில்லை. சி டிரைவ் என்கிற கோடு முழுக்கச் சிவப்பாகிக் கிடந்தது. இரண்டு மாதமாகவே சிவப்பாகத்தான் இருந்தது, அன்புச்செல்விதான் பார்க்காதமாதிரி ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்று பார்த்து அது முரண்டு பிடித்ததில் அவளுக்கு எரிச்சலான எரிச்சல்.

ஏனென்றால் மறுநாள் பதினோரு மணிக்கு ராயப்பன் குடும்பத்துக்குப் பதிவு டோக்கன் போட்டிருந்தது. ராயப்பன் கூட்டேரிப்பட்டுக்காரர். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் நிலத்தில் வேலை செய்து, மனைவி அம்மணி பேரில் ரோட்டோரமாக முப்பத்துநாலு சென்ட் வாங்கிப் போட்டவர். அம்மணி உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாரிசு நாலு பேர்: ராயப்பன், மூத்த மகன் தேவா, இளையவன் அந்தோணிசாமி, கடைசியாகச் சின்னபொண்ணு. தேவா குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஃபிளைட். அதற்குள் பாகம் பிரித்து ரிஜிஸ்டர் ஆக வேண்டும்.

இந்தப் பத்திரத்தை அன்புச்செல்வி இரண்டு தடவை அடித்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ராயப்பன் தனியாக வந்து, தனக்கு எதுவும் வேண்டாம், மூன்று பிள்ளைக்கும் மூன்று பாகம் என்று சொல்லி எழுதச் சொன்னார். ரோட்டை ஒட்டிய மூன்று சென்ட் சின்னபொண்ணுக்கு. அங்கேதான் அவள் தகரக் கொட்டகை போட்டு இட்லிக் கடை நடத்துகிறாள். புருஷன் விட்டுப் போன பிறகு அந்தக் கடைதான் அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறு. அடுத்த வாரம் மகன்கள் இரண்டு பேரும் அப்பாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்கள். ரோட்டு முகப்பு போய்விட்டால் பின்னால் இருக்கிற இடத்துக்கு என்ன மதிப்பு என்றார்கள். மூன்று பாகம் இரண்டாயிற்று. சின்னபொண்ணு தன் பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக ஒரு பத்தி சேர்ந்தது. மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறவள் அன்றைக்கு வரவில்லை. ராயப்பன் வாயைத் திறக்கவில்லை.

சின்னபொண்ணிடம் அண்ணன்கள் என்ன சொல்லியிருந்தார்கள் என்பதும் அன்புச்செல்விக்குத் தெரியும். தேவாவே பெருமையாகச் சொன்னதுதான். "அப்பா உனக்கு எதுவும் எழுதல. ஆனா நீ பாட்டுக்கு கடை போட்டுக்க, யாரும் ஒன்ன எழுந்திருன்னு சொல்லப்போறதில்லன்னு சொல்லி வெச்சிருக்கறேன். தங்கச்சி கையெழுத்துப் போட வந்துடும்." வாய்வார்த்தையில் நின்ற கொட்டகைகள் எத்தனை நாள் நின்றன என்று அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்திரக் கடையில் அன்புச்செல்வியின் விரல்களுக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை.

இப்போது கம்ப்யூட்டர் கதைக்கு வருவோம். அவள் விழுப்புரத்துக்கு, சர்புதீனுக்குப் போன் போட்டாள். சர்புதீன் கோட்டக்குப்பத்துக்காரர், நாற்பதை நெருங்குகிறவர். எட்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு வந்து விழுப்புரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். இந்த மிஷினைப் பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

"பாய், சி ஃபுல்லுங்குது. சேவ் ஆவல, பிரிண்ட் ஆவல. நாளைக்கு டோக்கன் இருக்குது."

"பயப்படாதீங்க அக்கா. அந்த ஹார்ட் டிஸ்க்ல நான் அப்பவே ஒரு காலி பார்ட்டிஷன் விட்டுட்டு வந்தேன். சி டிரைவுக்கு ஒட்டினாப்லதான் இருக்கும். அந்தப் பார்ட்டிஷனை டெலிட் பண்ணிட்டு, அந்த இடத்த சியோட சேத்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, எல்லாத்துக்கும் காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் எப்பவும் எடுத்து வெச்சிருக்கேன் பாய்."

"அப்ப சரி. பார்ட்டிஷனை டெலிட் பண்ணுங்க."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பத்திரக் கடையில் பார்ட்டிஷன் என்றால் ஒரே அர்த்தம்தான், பாகப்பிரிவினை. டி டிரைவில் அன்புச்செல்வி ஐந்து ஃபோல்டர் வைத்திருந்தாள். சேல், செட்டில்மென்ட், ரிலீஸ், மார்ட்கேஜ், பார்ட்டிஷன். அதேபோலக் காப்பி என்றால் நகல். ரிஜிஸ்டர் ஆன ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து, துளை போட்டு, நூல் கோத்து, அலமாரியில் வருஷவாரியாக அடுக்கியிருந்தாள். அதனால் அவள் சொன்னதில் பொய் கிடையாது. சர்புதீன் கேட்டதிலும் தப்பு கிடையாது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேறு வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. "பார்ட்டிஷன் முழுசுமா டெலிட் பண்ணணுமா பாய்?" என்றாள்.

"முழுசும்தான் அக்கா. அதுல ஒண்ணும் இல்ல. வார்னிங் கேக்கும், எஸ் குடுங்க. ஜல்தியா பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

அதில் ஒன்றும் இல்லை என்று அவர் எப்படிச் சொல்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. ஷார்ஜாவில் எட்டு வருஷம் பார்த்தவருக்குத் தெரியாதா என்று அடுத்த கணம் தோன்றியது. ஃபோல்டர் மேல் அம்புக்குறியை வைத்தாள். குப்பைத்தொட்டிக்குப் போனால் அங்கேயும் இடத்தை அடைக்கும், ஷிப்டோடு சேர்த்து டெலிட் அழுத்துங்கள் என்று முன்பு ஒரு தடவை சொல்லிக்கொடுத்தவரும் இதே சர்புதீன்தான். அப்படியே அழுத்தினாள். வார்னிங் கேட்டது. எஸ் கொடுத்தாள்.

"ஆச்சு பாய்."

"இப்ப சி மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்டென்ட் குடுங்க."

"அப்பிடி ஒண்ணும் காட்டலியே."

"காட்டலியா? சரி, ரீஸ்டார்ட் போட்டுப் பாருங்க. நான் ஒரு கஸ்டமர அனுப்பிட்டுக் கூப்புடுறேன்."

ரீஸ்டார்ட் போட்டதில் சியில் கொஞ்சம் இடம் பிறந்தது. பழைய குப்பை எதையோ அதுவே கழித்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்தது என்று அன்புச்செல்வி நினைத்தாள். இரண்டு கிரயப் பத்திரங்களை அடித்து டியில் சேவ் செய்து பிரிண்டும் எடுத்தாள். பதினொன்றரை மணிக்கு விருத்தாசலம் டீ குடித்துவிட்டு வந்து, "அந்த ராயப்பன் பத்திரத்த எடும்மா, ஒரு தபா பார்த்துடலாம்" என்றார். டியைத் திறந்தாள். நாலு ஃபோல்டர்தான் இருந்தது.

இன்னொரு தடவை எண்ணினாள். பதினான்கு வருஷத்தில் அடித்த அத்தனை பாகப்பிரிவினையும் அந்த ஒரு ஃபோல்டரில்தான். ஒவ்வொரு மாடல், ஒவ்வொரு ஷெட்யூல், நாளைக்கு வேண்டிய ராயப்பன் பத்திரம், எல்லாம் அதில்தான். சர்புதீனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா, நீங்க டெலிட் பண்ணது ஃபோல்டரா?"

"பார்ட்டிஷன்னுதானே சொன்னீங்க?"

"அல்லாவே. நான் சொன்ன பார்ட்டிஷன் வேற. அது ஹார்ட் டிஸ்க்க பிரிச்சு வெக்கிறது. அந்தக் காப்பி பென் டிரைவ்லயாவது இருக்குதா?"

"அலமாரில இருக்குது. ஜெராக்ஸ்."

சர்புதீன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. ஒரு எழுத்துகூட அடிக்காதீங்க. எதையும் சேவ் பண்ணாதீங்க. நெட்ல பார்த்து ரெகவரி சாஃப்ட்வேர்னு எதையும் எறக்காதீங்க. டெலிட் பண்ணா பேர்தான் போவும், ஃபைல் அதே எடத்துலதான் கெடக்கும். அது மேல வேற ஒண்ண எழுதிட்டாதான் போச்சு. மிஷினை ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க, வர்றேன்" என்றார்.

"இப்பத்தான் ரெண்டு சேல் டீட் சேவ் பண்ணேன்."

"சரி, வர்றேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் விருத்தாசலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயசுக்காரர், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது துடைத்தார். "பட்டா இல்லாம போனாலும் நெலம் அங்கயேதான் கெடக்கும்ன்றான் பாய். வேற எவனாவது மேல வூடு கட்டறதுக்குள்ள போய் நிக்கணும். அதானே?" என்றார். அன்புச்செல்விக்கு அழுகைதான் வந்தது. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு மணிக்கு சர்புதீன் வந்தார். கையில் லேப்டாப், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், ஒரு பென் டிரைவ். அன்றைக்குக் கரண்ட் நிறுத்துவதாக ஏதாவது அறிவிப்பு உண்டா என்று பக்கத்துக் கடையில் விசாரித்தார். யூ.பி.எஸ். சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். மிஷினைத் தன் பென் டிரைவிலிருந்து கிளப்பி, அதன் ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமல், கிடைப்பதையெல்லாம் வெளி டிஸ்க்கில் இறக்க வைத்தார். "நல்ல வேளை, இது பழைய சுத்துற டிஸ்க். இப்ப வர்ற புதுசா இருந்தா டெலிட் பண்ண ஒடனே அதுவே தொடைச்சு வெச்சிருக்கும். நான் வந்து பிரயோஜனமே இருந்திருக்காது" என்றார். அன்புச்செல்வி வருஷக்கணக்கில் மாற்றச் சொல்லி நச்சரித்த டிஸ்க்கை விருத்தாசலம் மாற்றாததற்கு அன்றைக்குத்தான் ஒரு நல்ல பலன் கிடைத்தது. அந்தப் பெருமையை அவர் முகத்தில் மறைக்கவில்லை.

தேடல் முடியும்போது மணி மூன்று. முந்நூற்றுச் சொச்சம் ஃபைல் வந்தது. ஆனால் பேர் எதுவும் வரவில்லை, வெறும் நம்பர்கள். இருபது ஃபைல் வரை திறக்கவே இல்லை. காலையில் அடித்த இரண்டு கிரயமும், அடிக்கும்போது மிஷின் தானாக எழுதிவைக்கிற ஃபைல்களும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்துவிட்டன என்றார் சர்புதீன். அன்புச்செல்வி திரும்பி அலமாரியைப் பார்த்தாள். இருபது போனால் போகட்டும், அலமாரியில் ஜெராக்ஸ் இருக்கிறது.

மிச்சமிருந்த நாலு ஃபோல்டரையும் சர்புதீன் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தார். எடுத்ததைத் தன் லேப்டாப்பில் திறந்து படிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஐந்தாறு ஃபைலைத் திறந்தும் பார்த்தார். "இதுக்குப் பேருதான் அக்கா நாங்க சொல்ற காப்பி" என்றார். அதற்கப்புறம்தான் சி டிரைவுக்கு இடம் கொடுக்கிற வேலைக்கு வந்தார். திரையில் மூன்று பெட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. முதலில் சி, அடுத்து டி, கடைசியில் அவர் விட்டுவைத்த காலி இடம். அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"ஒட்டினாப்ல இருக்குதுன்னு சொன்னீங்களே பாய்" என்றாள் அன்புச்செல்வி.

"நெனப்புல ஒட்டித்தான் இருந்தது. இங்க டிக்கு அந்தப் பக்கம் கெடக்குது. காலைல நீங்க சரியாவே பண்ணியிருந்தாலும் சேந்திருக்காது."

விருத்தாசலம் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "சிக்குக் கிழக்குப் பக்கம் டிக்காரன் வூடு. அந்த வூட்டுக்கும் கிழக்கால காலி மனை. நடுவுல இருக்கறவன் நவுறாம எப்பிடி அந்த மனை இவனுக்கு ஒட்டும்? நாலெல்லை பாக்காம பேசிட்டியே பாய்."

"அதேதான் சார். இப்ப டிய அப்பிடியே கிழக்கால தள்ளணும். உள்ள இருக்கிற சாமானோட. ஒவ்வொண்ணா தூக்கி அந்தப் பக்கம் வெக்கும், ஒரு ஒண்ணரை மணி நேரம் ஆவும். நடுவுல நின்னா பாதி சாமான் இங்க, பாதி அங்க. அதுக்குத்தான் மொதல்லயே எல்லாத்தையும் வெளில எடுத்து வெச்சேன். முடியற வரைக்கும் யாரும் மிஷினைத் தொடக்கூடாது, டேபிளக்கூட ஆட்டாதீங்க."

வேலையை ஓடவிட்டார். ஒரு பச்சைக் கோடு ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நகரத் தொடங்கியது. லேப்டாப்பை அன்புச்செல்வி பக்கம் திருப்பிவைத்து, ராயப்பன் பத்திரத்தைத் தேடச் சொன்னார். கடையின் தமிழ் எழுத்துருவை அதில் போட்டிருந்ததால் படிக்க முடிந்தது. டைப்ரைட்டர் முறையில் அடிக்கிற மென்பொருள் அதில் இல்லை. அதனால் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், ஒரு எழுத்தைத் திருத்த முடியாது.

மூன்றே முக்காலுக்கு ராயப்பன் குடும்பம் வந்தது. பெஞ்சில் ராயப்பன் நடுவிலும் மகன்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சின்னபொண்ணு வாசலை ஒட்டிய இன்னொரு பெஞ்சில் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். முன்கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். மதியக் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்ததாகவும், ஜல்தியாக முடித்தால்தான் ராத்திரிக்கு மாவு ஆட்ட முடியும் என்றும் சொன்னாள். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டாள். "இன்னைக்கு இல்லம்மா, நாளைக்கு. இன்னைக்குப் படிச்சுக் காட்டறது மட்டும்தான்" என்றார் விருத்தாசலம்.

"அன்னைக்கே படிச்சாச்சுங்களே, பிரிண்ட் எடுத்துடுங்க" என்றான் தேவா.

"எல்லாப் பார்ட்டியும் இருக்கும்போது படிக்கிறது இந்தக் கடை வழக்கம். இது இல்லாம நான் ஸ்டாம்ப் பேப்பர்ல ஏத்த மாட்டேன்."

அன்புச்செல்வி நம்பர் நம்பராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முருங்கப்பாக்கம், ஒலக்கூர், ரோசணை, எல்லா ஊர்ச் சண்டைகளும் வந்துவந்து போயின. எண்பதாவதோ தொண்ணூறாவதோ திறந்ததில் ராயப்பன் பேர் வந்தது. நாலு பார்ட்டிகளின் பேர், அப்பா பேர், கதவு எண். இரண்டு வடிவத்திலும் முதல் பக்கம் ஒன்றுதான். அவள் மெதுவாகக் கீழே இறக்கினாள். மூன்று பாகத்துக்கும் மூன்று ஷெட்யூல் இருந்தது.

இது முதலில் அடித்தது. இரண்டாவதாக அடித்தது எங்கே என்று மீதியையும் பரபரவென்று திறந்து பார்த்தாள். இல்லை. திறக்காத இருபதில் அது போய்விட்டிருந்தது. காலையில் இவள் கையாலேயே அதன் மேல் ஒரு கிரயத்தை எழுதியிருக்கிறாள்.

இப்போது இரண்டு வழி இருந்தது. சாரைத் தனியாகக் கூப்பிட்டு, புதுசு போய்விட்டது, பழசுதான் இருக்கிறது, நாளைக்கு காலையில் சீக்கிரம் வந்து மாற்றி அடித்துவிடுகிறேன் என்று சொல்லலாம். யாருக்கும் எந்தக் கெடுதியும் இல்லை. சின்னபொண்ணு நாளைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாவாட்டப் போவாள். அல்லது வழக்கப்படி படிக்கலாம். அன்புச்செல்வியே ஒரு காலத்தில் தன் பாகத்தை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள். அதையும் இதே மேசையில் இவளேதான் அடித்தாள், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். அது நினைவுக்கு வந்தபோது இவளுக்கு வந்தது துக்கம் இல்லை, ஆத்திரம். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

ஏ ஷெட்யூல் தேவாவுக்கு. பி ஷெட்யூல் அந்தோணிசாமிக்கு. பெஞ்சில் இருவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வி நிறுத்தவில்லை.

"சி ஷெட்யூல் சொத்து விவரம். மேற்படி முப்பத்துநாலு சென்டில், மூன்று சென்ட். இதற்கு நான்கெல்லை. நெடுஞ்சாலைக்கும் தெற்கு, பி ஷெட்யூல் அந்தோணிசாமி பாகத்துக்கும் வடக்கு, வாய்க்காலுக்கும் கிழக்கு, ஏ ஷெட்யூல் தேவா பாகத்துக்கும் மேற்கு. இதன் மத்தியில் உள்ள காலி மனையும், அதிலுள்ள தகரக் கொட்டகையும், இட்லிக் கடையும், மின் இணைப்பும் உட்பட. இதை நம்மில் நான்காவது பார்ட்டி சின்னபொண்ணு தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

விருத்தாசலம் "சி ஷெட்யூல்" என்ற இடத்திலேயே நிமிர்ந்துவிட்டார். நிறுத்தச் சொல்வார் என்று அன்புச்செல்வி எதிர்பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

"கடைசியா படிச்சீங்களே, அத இன்னொரு தபா படிங்க" என்றாள் சின்னபொண்ணு.

அன்புச்செல்வி இன்னொரு தடவை படித்தாள். இந்தத் தடவை மெதுவாகவே படித்தாள்.

தேவா எழுந்துவிட்டான். "அது பழசுங்க. அது வேணாம்னுதானே மாத்தி எழுதினோம்? அத டெலிட் பண்ணிட்டு புதுசப் படிங்க" என்று மேசையில் ஓங்கித் தட்டினான்.

"டேபிளத் தட்டாதீங்க" என்றார் சர்புதீன் பதறிப்போய். பச்சைக் கோடு அறுபத்திரண்டு சதவீதத்தில் இருந்தது.

"புதுசு அழிஞ்சி போச்சுங்க. காலைல நான் பண்ண தப்பு. இது ஒண்ணுதான் கெடச்சுது. இன்னைக்கு இனிமே நான் எதையும் டெலிட் பண்றதா இல்லைங்க" என்றாள் அன்புச்செல்வி.

அந்தோணிசாமி அண்ணன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். "இன்னா இப்ப, நாளைக்குக் காலைல திரும்ப அடிச்சுக்கலாம். டோக்கன் பதினோரு மணிக்குத்தானே?" என்றான்.

விருத்தாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடிக்கலாம். எட்டு மணிக்கு வந்தா அடிச்சுடலாம். ஆனா போன தபா நீங்க ரெண்டு பேரும் பேசினீங்க, பெரியவர் பேசல. இந்தத் தபா அவரே சொல்லட்டும். ராயப்பன், மாத்திடட்டுமா?"

ராயப்பன் தரையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் மகளைப் பார்க்கப்போனவர் பாதியிலேயே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் மேல் அன்புச்செல்விக்கு இரக்கமும் வந்தது, ஒரு அறை விடலாமா என்றும் வந்தது.

அவர் பதிலுக்குச் சின்னபொண்ணு காத்திருக்கவில்லை. எழுந்து நின்றாள். "தே பாரு தேவாண்ணே. அப்பா எனக்கு எதுவும் எழுதலன்னு சொன்ன. சரி, எழுதாதத நான் எப்பிடிக் கேக்கறதுன்னு வந்தேன். இப்ப எழுதினாருன்னு தெரிஞ்சி போச்சு. இந்தப் பத்திரம்னா நாளைக்கு வந்து கையெழுத்து போடறேன். வேற எந்தப் பத்திரத்துலயும் என் கை படாது. நீ ஃபிளைட்ட வுட்டாலும் சரி, புடிச்சாலும் சரி."

நாலு வாரிசில் ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டால் பத்திரம் வெறும் காகிதம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தேவா விருத்தாசலத்தைப் பார்த்தான். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். தேவா செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சந்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். "எதையாவது போட்டுத் தொலைங்க, பேஜாரு" என்றான்.

அன்புச்செல்வி லேப்டாப்பில் பிரிண்டரை மாட்டி, நம்பர்ப் பேர் கொண்ட அந்த ஃபைலை அப்படியே பிரிண்ட் எடுத்தாள். ஐந்து மணிக்குப் பச்சைக் கோடு நூறைத் தொட்டது. டி முழுசாகக் கிழக்கே போய் உட்கார்ந்திருந்தது. காலி இடம் சியோடு ஒட்டி, சி இரண்டு மடங்காகியிருந்தது. சிவப்பு போய் நீலமாயிற்று. சர்புதீன் நாலு ஃபோல்டரையும் திறந்து ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஃபைல் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் பதினொன்றரைக்கு ரிஜிஸ்டர் ஆயிற்று. சார்பதிவாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சம்மதம்தானா என்று கேட்டார். தேவா சம்மதம் என்றான், அந்தோணிசாமி சம்மதம் என்றான். சின்னபொண்ணு, "சம்மதங்க" என்று கேள்வி முடிவதற்குள் சொன்னாள். போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள், அப்பாவை ஏற்றிக்கொள்ளவில்லை.

ஒரிஜினலை வாங்கிக் கொடுக்கிற வேலை பாக்கி இருந்ததால் அன்புச்செல்வியும் அலுவலக வாசலில் நின்றிருந்தாள். ராயப்பன் ஒரு ஓரமாக வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சின்னபொண்ணு அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏம்பா, எழுதினேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

ராயப்பன் இந்தத் தடவை அவளைப் பார்த்தார். "அவனுங்க மாத்திடுவானுங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டு அப்பறம் அது போச்சுன்னா ஒனக்கு எவ்ளோ கஷ்டம்? தெரியாமலே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"சொல்லியிருந்தா நான் போவ வுட்டிருக்க மாட்டேன்பா" என்றாள் சின்னபொண்ணு.

அவளுக்குக் கோபம் ஆறியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் முன்னால் நடந்தாள். ராயப்பன் நாலடி தள்ளிப் பின்னால் போனார்.